மாடல் பெயர் இல்லாத எச்சரிக்கை

மெதுவாக நடக்கும் எதுவும் எனக்கு ஆகாது. கடையில் எனக்கு முன்னால் நிற்பவர் சில்லறைக்குப் பையைத் துழாவினால் எனக்குப் பல் நறநறக்கும். என் கணவர் இட்லியைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போயிருக்கிறேன். "நீ பொறந்ததே அவசரத்துலதானே" என்பார் அவர். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள் என்பதால் பதில் சொல்ல முடியாது. அலுவலகத்தில் மட்டும் இந்தக் குணத்துக்கு நல்ல பெயர் இருந்தது. எந்த மென்பொருள் ஆமையாக நகர்ந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் அதைக் கொஞ்சம் கர்வத்தோடுதான் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

வீடு சந்தாபுராவில், அலுவலகம் ஓசூர் சாலையில். பெங்களூரில் நாளில் பாதியைச் சாலையே தின்றுவிடுகிறது என்று எல்லோரும் புலம்புவார்கள். நான் புலம்புவதோடு நிற்காமல் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரரோடு கன்னடத்தில் சண்டையும் போடுவேன். அப்படி ஒரு சண்டை போட்டுவிட்டு மூச்சிரைக்க உள்ளே நுழைந்த காலையில்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. லிஃப்ட் தயாரித்து, பொருத்தி, பராமரிக்கிற ஒரு கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய மெக்கானிக்குகள் கையில் ஒரு செயலி இருந்தது. எந்த லிஃப்டில் என்ன கோளாறு, எப்படிக் கழற்றுவது, எதைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அதில் தேடினால் வரும். வரும், ஆனால் வருவதற்குள் விடிந்துவிடும் என்பதுதான் புகார்.

புகாரை நேரில் சொல்ல ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும், பெங்களூரில் அடுகோடிப் பகுதியில் குடியிருப்பவர். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் தமிழில் பேசியதும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"மேடம், நான் லிஃப்ட்டு பொட்டிக்கு மேல நின்னுக்கிட்டு இருக்கேன். ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில போனு. தேடுன்னு அமுக்குனா சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. கீழ ஜனங்க பால் பாக்கெட்டு, காய்கறி பையோட நின்னுக்கினு எப்ப ஆவும் எப்ப ஆவும்னு சத்தம் போடறாங்க. நான் இன்னா பண்ணுவேன்? போன ஜோபில போட்டுட்டு எனக்குத் தெரிஞ்சத பண்ணுவேன்."

"தெரிஞ்சத பண்ணினா சரியா வராதா?"

"தெரிஞ்சது பத்தாது மேடம். மாடலு மாறிக்கினே இருக்குது. போன வருசம் சரின்னு பண்ணது இந்த வருசம் ஆள வாங்கிடும். அதுல எழுதியிருக்கிறததான் நாங்க நம்பணும்."

அவர் சொன்னதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியது இதுதான்: காத்திருக்கும் நேரம் அதிகம், குறைக்க வேண்டும். கடைசி வாக்கியத்தை நான் எழுதவில்லை.

உள்ளே திறந்து பார்த்தபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பல்லாயிரம் ஆவணங்கள், எல்லாம் எக்ஸ்எம்எல் வடிவத்தில். அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சீட்டு, டேக் என்பார்கள், ஒட்டியிருக்கும்: இது மாடல், இது பாகம், இது கோளாறு, இது எச்சரிக்கை என்று. அந்த ஆவணங்களை அப்படியே வைத்துக்கொள்ளும் தரவுத்தளம் ஒன்று. அதன்மேல் ஒரு தேடல் திரை. திரையில் ஏழு பெட்டிகள். மெக்கானிக் ஒன்றை நிரப்புவார், மூன்றை நிரப்புவார், சில சமயம் ஒரு சொல்லை மட்டும் தட்டுவார். எதை நிரப்புவார், எதை விடுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனக்கு முன்னால் எழுதியவர் ஏழு பெட்டிக்கும் சேர்த்து ஒரே நீளமான வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு ஆவணத்தையும் எடுத்து, பிரித்து, இந்தப் பெட்டி காலியா, காலி என்றால் விடு, இல்லையென்றால் ஒப்பிட்டுப் பார், அடுத்த பெட்டி காலியா என்று ஏழு முறை கேட்கும். பல்லாயிரம் ஆவணத்துக்கும் இதே கதை. சுற்றாமல் என்ன செய்யும்?

நான் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு வேறு மாதிரி எழுதினேன். முதலில் எந்தப் பெட்டிகள் நிரம்பியிருக்கின்றன என்று பார்க்கும். நிரம்பியவற்றுக்கு மட்டும் அந்த நொடியிலேயே ஒரு வினவலைக் கட்டும். காலிப் பெட்டி வினவலுக்குள் வரவே வராது. கட்டிய வினவலும் ஆவணங்களைத் திறக்காது. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதுபோல மாடலுக்கு ஒன்று, பாகத்துக்கு ஒன்று என்று அட்டவணைகள் அமைத்தேன். கேள்வி அட்டவணைக்குப் போகும், பதில் அட்டவணையிலிருந்தே வரும். நாற்பது நொடி எடுத்த தேடல் ஒரு நொடிக்கும் குறைவாக முடிந்தது. முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது ஏதோ பிழை என்று நினைத்து மறுபடி ஓட்டினேன்.

பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். ஒரே தேடலைப் பழையதில் போட்டால் ஒன்பது வந்தது, புதியதில் எட்டு. இன்னொன்றில் பதினாறும் பதினான்கும். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றோ இரண்டோ குறைந்தது. விடுபட்டவற்றில் ஒன்றை எடுத்துத் திறந்து பார்த்தேன். வேலைக்கு வரும்போது தலைக்கவசம் அணிய வேண்டும் என்று போட்டிருந்தது. மெக்கானிக் ஒரு குறிப்பிட்ட மாடலைச் சொல்லித் தேடுகிறார், அவரிடம் போய்த் தலைக்கவசம் என்று உபதேசம் செய்வானேன்? பழைய வினவல் குப்பையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது, என்னுடையது சுத்தமாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒன்றைத்தான் திறந்து பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஒரு திங்கட்கிழமை புதிய தேடல் எல்லா மெக்கானிக்குகளின் கைபேசிக்கும் போயிற்று. அன்று மாலையே அடுகோடிக்காரரிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. கூட்டத்தன்று என் எண்ணை வாங்கி வைத்திருந்தார். "மேடம், சும்மா சொல்லக் கூடாது, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுது. இனிமே போன ஜோபில போடவே மாட்டேன்." பின்னணியில் யாரோ கன்னடத்தில் கத்துவதும் இரும்பு உரசும் ஓசையும் கேட்டன. அதை என் கணவருக்கு இரண்டு முறை போட்டுக் காட்டினேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து மூன்றாவது முறையும் போட்டேன்.

பதினோராம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு அந்த லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அந்த ஆவணங்களை எழுதுகிறவர்களில் ஒருத்தி, பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசுவாள்.

"ஒரு சின்ன டவுட்பா. எங்க பேட்டரி நோட்டீஸ் ஆப்ல வரவே மாட்டேங்குது. டெலிட் ஆயிடுச்சா?"

"எந்த மாடல் நோட்டீஸ்?"

"மாடல் எல்லாம் இல்ல. அது எல்லாத்துக்கும் பொது. பொதுவா இருந்தா நாங்க மாடல் டேகே வைக்க மாட்டோம். எப்பவும் அப்படித்தானே எழுதறோம்?"

எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள், நான் என் அட்டவணைகளைத் திரையில் திறந்தேன். அவர்களுக்கு மாடல் சீட்டு இல்லாத ஆவணம் என்றால் எல்லா மாடலுக்கும் உரியது. பழைய வினவலும் அதை அப்படித்தான் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறது. என் அட்டவணைக்கோ, மாடல் சீட்டு இல்லாத ஆவணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. மாடல் பெட்டியை நிரப்பி யார் தேடினாலும் அது வராது. மெக்கானிக்குகள் பெரும்பாலும் அந்தப் பெட்டியை நிரப்பித்தான் தேடுவார்கள்.

"அந்த நோட்டீஸ்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணாலும் ரெஸ்க்யூ பேட்டரி தனியா லைவ்லயே இருக்கும், அதையும் கழட்டிட்டுத்தான் கை வைக்கணும்னு. ஏன், ஏதாவது ப்ராப்ளமா?"

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மாடல் சீட்டு இல்லாத ஆவணங்களை மட்டும் வரவழைத்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றுகூடப் பழுது பார்க்கும் முறை இல்லை, ஒன்றுகூட உதிரிபாகப் பட்டியல் இல்லை. எல்லாம் எச்சரிக்கைகள். யோசித்தால் அது இயல்புதான். கழற்றும் முறை மாடலுக்கு மாடல் மாறும், செத்துப்போகும் முறை மாறாது. பதினோரு நாட்களாக நான் அந்த ஆட்களின் கண்ணிலிருந்து தேடித் தேடி மறைத்து வைத்தது இவற்றைத்தான்.

திருத்துவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாடல் பொருந்த வேண்டும், அல்லது மாடல் சீட்டே இல்லாமல் இருக்க வேண்டும் என்று நாலு வரி சேர்த்தேன். வேகம் இம்மியளவு குறைந்தது, யாருக்கும் தெரியாது. நாலு மணிக்குப் புதியது எல்லோருடைய கைபேசிக்கும் போய்விட்டது. மாற்றத்தைப் பதிவு செய்யும் இடத்தில் "தேடல் முடிவுகளில் சிறு திருத்தம்" என்று எழுதினேன். என் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது, தாத்தா மைசூர் அரசு உத்தியோகத்தில் இருந்தவராம். எதையும் சத்தமில்லாமல் முடிப்பது அவருக்குக் கைவந்த கலை. பேச்சில் கன்னடமும் கலந்து வரும்.

"ஆயித்தல்லா, சரி பண்ணியாச்சுல்ல? அப்புறம் என்ன? மெயில்ல எல்லாம் எழுதிக்கிட்டு இருக்காத. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமோ என்று பயம்.

அன்று மாலை சந்தாபுராவில் மின்சாரம் போனபோது நான் எங்கள் லிஃப்டுக்குள் இருந்தேன். புதிதல்ல, வாரத்துக்கு இரண்டு முறை நடப்பதுதான். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. விளக்கு அணைந்து சின்ன விளக்கு எரிந்தது. சத்தம் எதுவும் இல்லை. நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. பத்து எண்ணும் முன் பெட்டி தானாக நகரத் தொடங்கியது. ரெஸ்க்யூ பேட்டரிதான் அதை மெல்ல இரண்டாவது மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்தது. நல்ல வசதி என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை வெளியே நிற்பவரின் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்தேன். மின்சாரத்தை அணைத்துவிட்டோம், இனி இது அசையாது என்று நம்பி, கயிறு ஓடும் சக்கரத்தில் ஒருவர் விரல் வைத்திருந்தால்? மீதி மாடிகளைப் படியேறிக் கடந்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் சொன்னார்கள். முந்தைய நாள் முற்பகல், ஒரு குடியிருப்பில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் கயிற்றின் தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறார். மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டுத்தான் கை வைத்திருக்கிறார். சில நொடிகளில் லிஃப்ட் தானாக நகர்ந்திருக்கிறது. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆள் யார் என்று கேட்டேன். அடுகோடியில் இருப்பவர், இங்கேகூட வந்திருக்கிறாரே என்றார்கள்.

என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து லாக் எனப்படும் தேடல் பதிவேட்டைத் திறந்தேன். யார், எப்போது, எதைத் தேடினார், எத்தனை முடிவு வந்தது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு வரி அதில் விழும். அவருடைய பணியாள் எண்ணைப் போட்டேன். பதினொன்று இரண்டுக்கு: அந்த மாடல், ரெஸ்க்யூ பேட்டரி, எச்சரிக்கை. முடிவு பூஜ்யம். பதினொன்று மூன்றுக்கு: அந்த மாடல், பேட்டரி. முடிவு இரண்டு, இரண்டுமே பேட்டரி மாற்றும் முறை. பதினொன்று ஐந்துக்கு: அந்த மாடல், பேட்டரி, எச்சரிக்கை. முடிவு பூஜ்யம். மூன்று தேடலும் சேர்ந்து ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் தேடவில்லை.

அப்படி ஒரு எச்சரிக்கை உண்டு என்பது அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது. இந்தப் புது மாடலுக்கும் அது பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். ஒரு முறை அல்ல, சொல்லை மாற்றிப் போட்டு மூன்று முறை கேட்டிருக்கிறார். இல்லை, இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று வரிகளையும் ஒரு தாளில் அச்செடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கழிவறைக்குப் போய் அழுதேன்.

மேலாளரிடம் சொன்னபோது அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "பாரு, லாக் முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும். நீ எதுக்கு அதத் தொடற? அவங்க விசாரணை வைப்பாங்க, கேட்டா சொல்லுவோம். கேக்காதத நாமளா போய்ச் சொல்லணுமா?" எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை மறைப்பதில் இப்போது அர்த்தமில்லை.

ஒரு வாரம் கழித்து லிஃப்ட் கம்பெனியின் அலுவலகத்தில் விசாரணை. செயலி சம்பந்தப்பட்டவர்கள் என்ற முறையில் எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். போகும் வழியில் காரில் மேலாளர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உன்ன பேரச் சொல்லிக் கேட்டா மட்டும் பேசு." நீளமான மேசை. ஒரு கோடியில் பாதுகாப்பு அதிகாரி, எதிர்க்கோடியில் அந்த மெக்கானிக். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு தூக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையசைத்து லேசாகச் சிரித்தார். தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது என்ற சிரிப்பு அது. நான் அவருக்கு ஏறக்குறைய எதிரில் உட்கார்ந்தேன்.

அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. "பேட்டரிய ஏன் கழட்டல?"

"நோட்டீஸ் தேடினேன் சார். இந்த மாடலுக்கு வரல. புது மாடலாச்சே, மெயின் ஸ்விட்ச்ச அணைச்சாலே ரெண்டும் கட் ஆவற மாதிரி மாத்திட்டாங்க போல, அதான் எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

அதிகாரி தன் கைபேசியை எடுத்தார். அதன் திரையைச் சுவரில் தெரிய வைத்தார். மாடலைத் தேர்ந்தெடுத்தார், பேட்டரி என்று தட்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தது. முதல் வரியிலேயே, சிவப்பில், எச்சரிக்கை.

"இது என்ன?"

மெக்கானிக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து சுவரைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிப் படித்தார். "இது... அன்னைக்கு இது வரல சார்."

"நாங்க ஒண்ணும் புதுசா எழுதலையே. ரெண்டு வருஷமா இருக்கு. நீங்க தேடுறப்ப மட்டும் ஒளிஞ்சிக்குமா?" அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு ஆப்ல ஏதாவது பிரச்சனை இருந்துதா?"

"சர்வர் அன்னைக்கு ஒரு நிமிஷம்கூட டவுன் ஆகல சார்" என்றார் என் மேலாளர். அது உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை.

கைப்பை என் மடியில் இருந்தது. இப்போது சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலாளர் முடிக்கட்டும், பிறகு சொல்லலாம். அதிகாரி என் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும். இத்தனை பேர் முன்னால் வேண்டாம், பிறகு தனியாகச் சொல்லலாம், எழுத்தில் கொடுத்தால் இன்னும் தெளிவாக இருக்கும். ஆட்டோக்காரரிடம் அரை நொடி பொறுக்காத வாய், அன்றைக்கு ஒன்றன்பின் ஒன்றாக நல்ல நல்ல காரணங்கள் கண்டுபிடித்துக் காத்திருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். சந்தாபுரா வீட்டுக்கு இன்னும் பல வருடத் தவணை பாக்கி. ஆனால் உண்மையில் அதைவிடப் பெரிய பயம், அந்த ஆள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்பதுதான்.

அவர் இன்னமும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து அங்கேயேதான் இருந்தது. முதலில் அவர் முகத்தில் இருந்தது குழப்பம். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறியதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். தன் கண்ணையே சந்தேகப்படத் தொடங்கிவிட்டார்.

"நான்தான் சரியா பாக்கலையோ என்னவோ சார்" என்றார். "இருட்டு. கீழ வேற ஜனங்க சத்தம் போட்டாங்க. நான்தான் மாத்தி அமுக்கிட்டேன் போல."

"அப்படின்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்குங்க சார். தப்பு என்னுதுதான்."

தாளை அவர் முன்னால் நகர்த்தினார்கள். கவனக்குறைவு என்று அதில் இருந்தது. இடது கையால் பேனாவைப் பிடித்து, பள்ளிப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். ரொம்ப நேரம் எடுத்தது. அவ்வளவு நேரம் எனக்குக் கிடைத்தது. நான் பேசவில்லை.

அவரை லிஃப்ட் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி எந்தக் கட்டடத்திலும் அவர் மேலே ஏறக் கூடாது. குடோனில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் வேலை. கவனக்குறைவு என்று எழுதிய தாள் இருக்கும்வரை வேறு லிஃப்ட் கம்பெனியும் எடுக்காது. இரண்டு நாள் கழித்து, மேலாளருக்குத் தெரியாமல், அந்த மூன்று வரிகளையும் விளக்கத்தையும் பாதுகாப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் சீக்கிரமே வந்தது. மெக்கானிக்கே தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருப்பதால் விசாரணை முடிந்துவிட்டது என்றும், செயலியைத் தொடர்ந்து மேம்படுத்தி வருவதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். மறுபடி எழுதினேன், இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. மேலாளருக்கு எப்படியோ தெரிந்து என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அடுகோடிக்குப் போனேன். லேத்துப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு சந்து, மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொண்டு வந்து கொடுத்தார்.

"தெனம் தெனம் சொல்லுவேன் மேடம், பாத்துப் பண்ணு, பாத்துப் பண்ணுன்னு. கேட்டாத்தானே. எழுதியிருக்கிறதப் படிக்காம கைய விட்டா வேற இன்னா ஆவும்? இப்ப வெளிய தெருவுல போவறதுக்கே வெக்கப்படுது இந்த மனுசன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் இந்தப் பேச்சு தினமும் நடப்பது, அவரும் அதை ஒத்துக்கொண்டுவிட்டார் என்று புரிந்தது. இனியும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

இடது கையால் வாங்கிப் பிரித்தார். எந்த வரியில் என்ன இருக்கிறது என்று விரலை வைத்துச் சொன்னேன். இது நேரம், இது நீங்க தேடின வார்த்தை, இது வந்த முடிவு.

"பூஜ்யம்" என்று படித்தார். அடுத்த வரிக்குப் போனார். மறுபடி முதல் வரிக்கு வந்தார். "அப்ப நான் தேடியிருக்கேன்."

"தேடியிருக்கீங்க. மூணு தடவ. வரல. நான் எழுதினதுல தப்பு, அதனாலதான் வரல. அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அத சரி பண்ணேன். அதான் விசாரணைல வந்துது."

அவர் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா, பாரு. நான் பாத்திருக்கேன். மூணு வாட்டி பாத்திருக்கேன்." மனைவி வந்து எட்டிப் பார்த்தார். மனைவியிடம் தாளைக் கொடுத்துவிட்டு, கணவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் இருந்தது நிம்மதிதான். என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் மனைவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு மடிப்பின் கோடுகளும் அழுக்கேறித் தேய்ந்திருந்தன. ஒரு மடிப்பில் கிழியவே தொடங்கியிருந்தது. அவர் அந்தக் கோட்டைத் தடவிவிட்டுக் கணவரிடம் கொடுத்தார்.

அவரும் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், அன்னைக்கு நான் கையெழுத்துப் போடச்ச, இந்தக் காயிதம் உங்ககிட்ட இருந்துச்சா?"

மடியில் இருந்த பையில்தான் இருந்தது என்றேன்.